ஃபிரிட்ஜுக்கு மட்டும் விலக்கு

அன்று நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அண்ணனின் கணினித் திரை அடிக்கடி கறுத்துப்போய், கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.
2. "அஞ்சு நிமிஷ வேலை" என்று நான் சொன்னேன்.
3. இடி இடித்தது.
4. அம்மா வீட்டிலிருந்த பிளக்குகளைப் பிடுங்கினார்.
5. திரை மறுபடியும் கறுத்தது. இந்த முறை திரும்பி வரவில்லை.
6. மூன்று மணிக்கு அண்ணனுக்கு வேலை ஆரம்பம்.

இரண்டாவதும் நான்காவதும் வெவ்வேறு நாளில் நடந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஜொகூர் மாநிலத்துத் தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளைச் சோதிப்பது என் வேலை. சம்பளம் அங்கிருந்து வருகிறது. மீதி நேரத்தில் செய்யும் வேலைக்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் எல்லா நாடுகளிலிருந்தும் வரும். லினக்ஸ் கணினிகளில் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் ஒரு திறமூல மென்பொருள் இருக்கிறது. அதைப் பராமரிக்கும் சிலரில் நானும் ஒருத்தி. திறமூலம் என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். நடைமுறையில், யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம்.

ஃபர்ம்வேர் என்பது கருவிக்குள்ளேயே குடியிருக்கும் சின்ன நிரல். கேமரா, விசைப்பலகை, மவுஸ் என்று எல்லாவற்றுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. தயாரிப்பவர்கள் அதில் தப்புச் செய்வார்கள். பிறகு திருத்திப் புதுப் பதிப்பு விடுவார்கள். அதை வாங்கி, அசல்தானா என்று பார்த்து, சரியான கருவிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் மென்பொருளின் வேலை. சுருக்கமாக, தபால்காரர் வேலை. கடிதம் எழுதியது நாங்கள் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு ஒருவர் மயங்கி விழுந்தால் எல்லோரும் முதலில் தபால்காரரின் சட்டையைத்தான் பிடிப்பார்கள்.

எனக்கு ஒதுக்கப்பட்ட பகுதி டாக்கிங் பெட்டிகள். மடிக்கணினியிலிருந்து ஒரே ஒரு வயர் இந்தப் பெட்டிக்கு வரும். பெரிய திரை, விசைப்பலகை, கேமரா எல்லாம் பெட்டியின் முதுகில் சொருகியிருக்கும். பெட்டிக்குச் சுவரிலிருந்து தனியாக மின்சாரம் வேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இந்தப் பகுதியை நான் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. வேலைகளைப் பிரித்துக்கொண்ட இணையக் கூட்டத்தில், பெட்டிகளின் முறை வந்தபோது என் இணைப்பு அறுந்திருந்தது. நான் திரும்பி வந்தபோது எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இணைப்பு அறுந்த காரணம், இடி. மோடத்தை அம்மா பிடுங்கியிருந்தார்.

அம்மாவைத் தப்பாக நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் பிற்பகல் இடி என்பது சும்மா சத்தம் இல்லை. எங்கள் வீட்டில் அது ஒரு தொலைக்காட்சியையும் இரண்டு மோடங்களையும் தின்றிருக்கிறது. எங்கள் வரிசையில் முதல் உறுமல் கேட்டதும் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் எழுந்து ஓடுவார். அம்மாவுக்குச் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக் சுவரைவிட்டு வெளியே வந்து, மூன்று கால்களையும் நீட்டிக்கொண்டு தரையில் கிடக்க வேண்டும். முதலில் தொலைக்காட்சி, அப்புறம் மோடம், அப்புறம் காற்றாடி, அப்புறம் எங்கள் பொருள்கள். பள்ளி கேண்டீனில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே இடைவேளையில் சாப்பாடு போடுகிறவர். நின்று யோசிக்கும் பழக்கம் கிடையாது.

அண்ணன் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். கணினி வேலை செய்யவில்லை என்று புகார் சொல்பவர்களிடம் அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வது அவன் தொழில். பல வருடங்களாக விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலத்து வரிசையில் நின்று, அடுத்தவன் புகையைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறான். அண்மையில்தான் கம்பெனி ஒரு சலுகை கொடுத்தது. வாரத்தில் மூன்று நாள் பிற்பகல் மூன்று மணி ஷிப்டில் வீட்டிலிருந்தே வேலை, ஆனால் சோதனை முறையில். முதல் வாரமே இடியால் இணையம் போய், வேலை தொடங்கும் நேரத்தைத் தவறவிட்டான். இன்னொரு முறை இப்படி நடந்தால் பழையபடி தினமும் நேரில் வர வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கைப்பேசி இணையத்தைத் தயாராக வைத்திருக்கிறான்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. கம்பெனி கொடுத்த மடிக்கணினி ஒருநாள் மோட்டாரிலிருந்து விழுந்து, திரை சிலந்தி வலைபோல் வெடித்துவிட்டது. இதை அவன் கம்பெனியிடம் சொல்லவில்லை. மடிக்கணினியை மூடியே வைத்து, டாக்கிங் பெட்டி வழியாகப் பெரிய திரையில் வேலை செய்தான். அந்தத் திரைக்குத் தனிப் பிளக் கிடையாது, வயரிலேயே மின்சாரமும் வந்துவிடும். அந்த மடிக்கணினி இல்லாமல் கம்பெனிக்குள் நுழைய முடியாது, அந்தப் பெட்டி இல்லாமல் மடிக்கணினியில் எதையும் பார்க்க முடியாது. ஆக, அவனுடைய மூன்று நாளும் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

சம்பவ நாள் ஜொகூருக்கு மட்டும் விடுமுறை. என் தொழிற்சாலை மூடியிருந்தது, அம்மாவின் பள்ளியும் மூடியிருந்தது. அப்பா காரை எடுத்துக்கொண்டு அன்னாசிக்குப் பேர்போன பெக்கான் நானாஸ் போயிருந்தார். அன்னாசி வாங்கப் போகிறேன் என்பார். சித்தப்பா வீட்டுச் சாப்பாட்டுக்குப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூருக்கு விடுமுறை இல்லை என்பதால் அண்ணனுக்கு மட்டும் வேலை.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அவன் திரையை முறைத்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, இது கண்ணடிக்குது."

"யாருக்கு?"

"ஜோக் வேணாம் லா. பாரு, போச்சு. இப்ப வருது பாரு. வந்துச்சா? மறுபடி போச்சு."

எனக்கு விஷயம் தெரியும். அந்தப் பெட்டியின் ஃபர்ம்வேரில் இருந்த தப்பு அது. தயாரிப்பாளர் திருத்தி அனுப்பிய பதிப்பை அந்த வாரம்தான் இதே மாதிரிப் பெட்டியில் நான் சோதித்து, சரி என்று சொல்லியிருந்தேன். கம்பெனியின் மடிக்கணினியில் ஓடுவதும் லினக்ஸ். அதில் எங்கள் மென்பொருள் ஏற்கெனவே இருந்தது. என் சொந்தக் கையால் சமைத்ததை என் சொந்த அண்ணனுக்குப் பரிமாறும் வாய்ப்பு. அப்போதுதான் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிச் சொன்னேன்.

எங்கள் மென்பொருள் கவனமானது. வேலையைத் தொடங்கும் முன் மின்சாரம் இருக்கிறதா என்று மடிக்கணினியைக் கேட்கும். கேட்டது. மின்சாரமும் இருக்கிறது, பேட்டரியும் நிறைந்திருக்கிறது என்று மடிக்கணினி சொன்னது. பெட்டியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் மட்டும் சம்மதம் வாங்கிவிட்டுத் தாலி கட்டவைத்த மாதிரி.

பாதி போயிருக்கும். வானம் ஒரு முறை தொண்டையைச் செருமியது. அறைக்குள் அம்மா நுழைந்ததையும், குனிந்ததையும், நிமிர்ந்ததையும் நான் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று என் மண்டைக்கு எட்டியபோது பிளக் தரையில் கிடந்தது.

"மா! ஏன் புடுங்கினீங்க?"

"இடி கேக்கலியா? காதுல என்ன வச்சிருக்க?"

"அப்டேட் ஓடிட்டு இருந்துச்சு மா!"

"ஓடுனா நிக்கட்டும். இடி நின்னதும் ஓடலாம்."

அண்ணன் கறுத்த திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன ஆச்சு? மொகத்த ஏன் அப்படி வச்சிருக்க?"

"பழசு அழிஞ்சிடுச்சு. புதுசு பாதிதான் ஏறியிருக்கு. இப்ப அதுக்குத் தான் யாருன்னே தெரியாது."

"அலமாக். அஞ்சு நிமிஷம்னு சொன்னியே!"

"அஞ்சு நிமிஷம்தான். அம்மா மூணாவதுல புடுங்கிட்டாங்க."

கருவியைச் சரிசெய்ய மறுபடி மின்சாரம் வேண்டும். அம்மா முடியாது என்றார். வாதம் எதுவும் இல்லை, இடி நிற்கட்டும் என்ற ஒரே வரி. வெளியே மழை சாய்த்து அடித்தது, நிற்கும் எண்ணத்தில் இல்லை. அண்ணன் தலைக்கவசத்தை எடுத்தான். மடிக்கணினியைத் திரையோடு நேராக இணைக்க ஒரு வயர் இருக்கிறது, மாலில் கிடைக்கும், மோட்டாரில் போய் வாங்கி வந்துவிடுவான் என்பது திட்டம். அம்மா தலைக்கவசத்தை அவன் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்த மின்னல்ல மோட்டாரா? ஒரு பொட்டிக்கே இவ்ளோ பயந்து புடுங்குறேன். ஒன்ன விடுவேனா?"

"மா, மூணு மணிக்கு ஆன்லைன்ல இல்லன்னா நாளைலேர்ந்து டெய்லி பாலம் மா."

"பாலத்துக்குப் போனா உயிரோட சாய்ந்தரம் வருவல்ல? போ."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். அப்போதுதான் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. சமையலறையிலிருந்து. சீராக, நிம்மதியாக, ஒரு முனகல்.

"மா, ஃபிரிட்ஜ மட்டும் ஏன் புடுங்கல?"

"உள்ள மீன் இருக்கு."

"மீன் இருக்கறது இடிக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். அது போதும்."

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. தொலைக்காட்சி போகும், மோடம் போகும், ஆனால் ஃபிரிட்ஜ் எந்த மழையிலும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பாதுகாப்பு விதி என்று நாங்கள் நினைத்ததில் ஒரு விலக்கு இருந்திருக்கிறது. கெட்டுப்போகும் பொருளுக்கு மின்சாரம் உண்டு. மென்பொருள் எழுதுபவர்கள் விலக்கைக் கண்டால் விடமாட்டார்கள்.

நான் வாயைத் திறக்கும் முன் அண்ணன் திறந்துவிட்டான். "மா, அந்தப் பொட்டியும் மீனு மாதிரிதான். வெளிய வச்சா கெட்டுரும். என் பொழப்பே உள்ள இருக்கு."

அம்மா தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்ளோ நேரம்?"

"அஞ்சு நிமிஷம்" என்றேன்.

"இதத்தான் மொதல்லயும் சொன்ன."

"இந்தவாட்டி நீங்க புடுங்காம இருந்தா."

"நான் பக்கத்துலயே நிப்பேன். பெரிய மின்னல் வந்தா யார் சொன்னாலும் கேக்கமாட்டேன்."

"பாதில புடுங்கினா அது செத்துரும் மா."

"நீ செத்தா?"

இந்த இடத்தில் உடன்பாடு ஏற்படவில்லை. ஆனாலும் வேலையைத் தொடங்கினோம்.

ஃபிரிட்ஜின் சாக்கெட் இரட்டை. ஒன்றில் ஃபிரிட்ஜ், இன்னொன்று மின்சாரச் சோற்றுப் பானைக்குரியது. பெட்டியை அந்த இரண்டாவதில் சொருகி, மறுமுனையை என் மடிக்கணினியில் மாட்டி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என் மடிக்கணினி பேட்டரியில் ஓடியது. தேவையான ஃபர்ம்வேர் கோப்பு நான் சோதித்த நாளிலிருந்தே அதற்குள் இருந்ததால் இணையமும் தேவைப்படவில்லை. பெட்டியின் விளக்கு பலவீனமாக மினுங்கியது. உயிர் இருந்தது. எங்கள் மென்பொருளை ஓட்டினேன்.

"புதுப்பிக்கத் தகுந்த கருவி எதுவும் இணைக்கப்படவில்லை" என்றது அது. அந்த வாக்கியம் முன்பு இன்னும் முரட்டுத்தனமாக இருந்தது. மரியாதையாக மாற்றி எழுதியது நான்தான்.

"என்ன சொல்லுது?" என்றான் அண்ணன்.

"பொட்டியே இல்லன்னு சொல்லுது."

"கண்ணு முன்னாடி இருக்கே!"

காரணம் புரிந்தது. ஒவ்வொரு கருவியும் கணினியில் சொருகப்பட்டதும் ஓர் அடையாள எண்ணைச் சொல்லும். நல்ல நிலையில் இந்தப் பெட்டி தன் எண்ணைச் சொல்லும். பாதி எழுதப்பட்ட நிலையில் அதற்குத் தன் எண் மறந்துபோய், உள்ளே இருக்கும் மின்சில்லின் பொதுவான எண்ணைச் சொல்கிறது. மயக்கம் தெளிந்த ஆள் தன் பெயருக்குப் பதிலாக ஊர்ப் பெயரைச் சொன்ன மாதிரி. அந்த எண்ணைத் தயாரிப்பாளர் எங்களுக்குத் தரவில்லை, எங்கள் மென்பொருளும் தெரியாத ஆளோடு பேசாது. வேறு பெட்டிகளும் இதே எண்ணைச் சொல்லக்கூடும். தப்பான பெட்டிக்குள் தப்பான ஃபர்ம்வேரை எழுதினால் அதோடு முடிந்தது. ஆனால் இது எந்தப் பெட்டி என்று எனக்குத் தெரியும். என் முழங்கால் பக்கத்தில் இருக்கிறது. 'இந்த எண் வந்தால் இந்தப் பெட்டி என்று எடுத்துக்கொள்' என்று ஒரே ஒரு வரி சேர்த்து, மென்பொருளை மறுபடி உருவாக்கினேன். உலகத்திலேயே எங்கள் சமையலறையில் மட்டும் சரியாக இருந்த வரி அது.

இந்த முறை பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டது. எழுதத் தொடங்கியது.

அம்மா சாக்கெட்டுக்குப் பக்கத்தில் நின்றார். அண்ணன் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றான். நான் திரையில் ஊர்ந்த பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடு சீராக நகராது. கொஞ்சம் ஓடும், அப்புறம் நின்று மூச்சு வாங்கும். அதை ஒரே சீராக நகர்வதுபோல் காட்டச் சொல்லி யாரோ கேட்டபோது, அது பொய் என்று நான் மறுத்திருந்தேன். அன்று அந்தப் பொய் எனக்குத் தேவையாக இருந்தது.

பாதியைத் தாண்டியபோது ஜன்னல் முழுக்க வெள்ளையானது. அம்மாவின் கை பிளக்கை நோக்கிப் போனது. அது அவர் நினைத்துச் செய்ததுகூட இல்லை, கைக்கே தெரிந்த வேலை. அண்ணன் இரண்டு உள்ளங்கையாலும் சாக்கெட்டைப் பொத்திக்கொண்டான்.

"மா, மொதல்ல என்னப் புடுங்குங்க, அப்புறம் அதப் புடுங்குங்க."

"கைய எடுடா! ஷாக் அடிக்கப் போவுது!"

"நீங்க எடுங்க, நான் எடுக்கறேன்."

இடி வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பெட்டியின் விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. அம்மா தன் இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. கேண்டீனில் சோறு தீர்ந்து பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதுகூட அந்தக் கைகள் எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும்.

"போதுமா?" என்றார் என்னிடம், கோபமாக.

"இன்னும் கொஞ்சம் மா."

"இருந்தது இருந்தாச்சு" என்றவர், சும்மா நிற்க முடியாமல் ஃபிரிட்ஜைத் திறந்து மீனை வெளியே எடுத்தார். "எதுக்கும் இத வெட்டி வறுத்துர்றேன்."

மீன் பாதி சுத்தமானபோது பச்சைக் கோடு முடிவுக்கு வந்தது. பெட்டி ஒரு முறை அணைந்து, எங்கள் மூவரின் மூச்சையும் நிறுத்திவிட்டு, மறுபடி எரிந்து, தன் சொந்த எண்ணைச் சொன்னது.

மூன்று மணி நெருங்கிவிட்டது. எதையும் அறைக்குத் திருப்பிக் கொண்டுபோக நேரம் இல்லை. அங்கே மின்சாரமும் இல்லை. பெரிய திரையைச் சமையலறை மேசைக்குத் தூக்கிவந்தோம். இந்தத் தடவை என்னையும் கூடவே நிற்கச் சொன்னான் அண்ணன், ஆனால் எதையும் தொடக் கூடாது என்றான். கைப்பேசி இணையத்தில் நுழைந்தான். திரையில் மேலாளர் தெரிந்தார். அவருக்கு அண்ணனின் பின்னால் ஃபிரிட்ஜ் கதவின் காந்தங்களும், கையில் மீனோடு அம்மாவும் தெரிந்தார்கள். பின்னால் இருப்பவர் யார் என்று மேலாளர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"பவர் சப்ளை இன்சார்ஜ், மேடம்" என்றான் அண்ணன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

அன்று மாலையே எங்கள் மென்பொருளின் பக்கத்தில் நடந்ததைப் புகாராகப் பதிந்தேன். இந்தத் திட்டத்தைத் தொடங்கியவர் ஒரு குளிர்நாட்டுக்காரர். நான் நேரில் பார்த்ததில்லை, நல்ல மனிதர். புதுப்பித்தல் நடக்கும்போது பிளக்கைப் பிடுங்க வேண்டாம் என்று திரையிலேயே எழுதியிருக்கிறதே, யார் பிடுங்குவார் என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். அந்த வாசகம் திரைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும், இடி கேட்டு அடுத்த அறையிலிருந்து வருபவருக்குத் தெரியாது என்று எழுதினேன். கவனக்குறைவானவர்கள் இங்கே பிளக்கைப் பிடுங்குவதில்லை, கவனமானவர்கள்தான் பிடுங்குவார்கள் என்றும் எழுதினேன். உங்கள் அம்மாவிடம் எடுத்துச் சொல்ல முடியாதா என்று கேட்டார். அது இந்தத் திட்டத்தின் எல்லைக்குள் வராது என்று பதில் போட்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் புகாரின் கீழே வேறு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். மழைக்காட்டுப் பக்கம் வசிக்கும் ஒருவர், இடி கேட்டால் தன் மாமனார் வீட்டின் மெயின் சுவிட்சையே போய் அணைத்துவிடுகிறார் என்று எழுதினார். இன்னொருவர் ஃபிரிட்ஜ் தப்பியது எப்படி என்று கேட்டார். மீன் என்று பதில் சொன்னேன். குளிர்நாட்டுக்காரர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தினார். புரிந்து உயர்த்தினாரா என்று தெரியவில்லை.

இப்போதைய நிலை இது. பெட்டிகளின் புதுப்பித்தலைத் தொடங்கும் முன், பெட்டியின் பிளக் தனி என்றும் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்கும்படியும் ஓர் எச்சரிக்கை எங்கள் மென்பொருளில் சேர்ந்துவிட்டது. நான் சேர்த்த அந்த ஒற்றை வரி இன்னும் என் மடிக்கணினியில் மட்டும் இருக்கிறது. அந்த எண்ணை வேறு எந்தப் பெட்டிகள் சொல்லும் என்று தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அண்ணனின் சோதனைக் காலம் முடிந்து, மூன்று நாள் வீடு, இரண்டு நாள் பாலம் என்று உறுதியாகிவிட்டது. வெடித்த திரையைப் பற்றிக் கம்பெனிக்குத் தெரியாது. அவன் மேசை சமையலறையில் இருக்கிறது. இடி இடித்தால் அம்மா எல்லாவற்றையும் பிடுங்குகிறார், ஃபிரிட்ஜையும் பெட்டியையும் தவிர.